ஓரா மீனை அடையாளம் காண்பது எப்படி?

கோவளம், மாமல்லபுரம் கரையில் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவே ஓரா கேட்பாரற்றுக் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் இதையே 'ஒரா' என்பார்கள். ருசியான மீன்தான், ஆனால் விஷமுள் உண்டு. அதனால் முதலில் கண்ணால் பழகுங்கள்.

1. காலையில், படகு கரையேறும் நேரத்துக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும்.

2. "இது பார்ல பட்டதாக்கா?" என்று மீன் விற்பவரிடம் கேளுங்கள். கடலடிப் பாறைத்திட்டுக்கு மீனவர் வைத்த பெயர் 'பார்'. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரேயும் இப்படிப் பாறைகள் உண்டு. பாறையில் படியும் பாசிதான் ஓராவுக்குத் தீனி.

3. வாயைப் பாருங்கள். சின்ன வாய், முயல் கொறிப்பதுபோல் இருக்கும். உடல் தட்டையான நீள்வட்டம். செதில் மிகப் பொடி என்பதால் தோல் வழவழப்பாகத் தெரியும். சாம்பல் பச்சை உடலெங்கும் முத்துப்புள்ளி இருந்தால் அது சிகானஸ் கனாலிகுலேட்டஸ் என்ற ஓரா இனம். மேலே புள்ளியும் கீழே நெளிகோடுமாக இருந்தால் சிகானஸ் ஜாவஸ். செத்தபின் நிறம் மாறுவதால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

4. முள்ளை எண்ணுங்கள், தொடாமல். முதுகில் 13, ஆசனவாய்த் துடுப்பில் 7. வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முள். இந்த இரட்டை முள் ஓரா குடும்பத்துக்கே உரிய அடையாளம். மீன் செத்தாலும் முள்ளின் விஷம் சாகாது.

5. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அந்த இடத்தை அமிழ்த்துங்கள். விஷம் புரதம் என்பதால் சூட்டில் சிதையும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. மறுகையால் பதம் பாருங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனை.

6. வீட்டில் வெட்டுவதானால் முதல் வேலை கத்தரிக்கோலால் துடுப்புகளை நறுக்குவது. அடுத்து குடலை எடுப்பது. தாமதித்தால் பாசிவாடை சதையில் ஏறும். சதையில் விஷமில்லை, குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்றது.

முதல் தடவை மட்டும் கரையிலேயே அரிந்து வாங்குங்கள். அந்த அக்கா மீனை எந்தப் பக்கம் பிடிக்கிறார் என்று கவனியுங்கள்; அடுத்த முறை உங்கள் கையும் அங்கேதான் போகவேண்டும்.