குறி தவறாக் கண்

சம்பா நெல் அறுவடையாகிக் களம் சேரும் தைத் திங்களில், காவிரி பாயும் தஞ்சை நாடெங்கும் பொங்கல் விழாவின் ஆரவாரம் மிகும். உழவர்க்குத் துணை நின்ற மாடுகளுக்கு நன்றி கூறும் மாட்டுப் பொங்கலை ஒட்டிய காலத்தில், தஞ்சை நகரை அடுத்த திருக்கானூர்பட்டி, மாதாக்கோட்டை முதலிய ஊர்களில் சல்லிக்கட்டு நிகழும். வாடிவாசல் திறந்ததும் காளை பாய்ந்து வெளிப்படும். அதன் திமிலைப் பற்றி, பிடி தளராது, குறித்த எல்லை வரை உடன் செல்லும் வீரனே வென்றவன் ஆவான். இவை யாவும் சில வினாடிகளில் நிகழ்ந்து முடியும். அச்சில வினாடிகளை அழியாத படமாக ஆக்குவதற்குத் தடுப்பு வேலிக்கு அப்பால் புகைப்படக் கலைஞர் பலர் கருவியும் கையுமாகக் காத்து நிற்பர்.

களத்தில் கண்டதைக் காணாதவர்க்குக் காட்டும் இப்பணி இன்று தோன்றியதன்று. ஏறுதழுவல் என்னும் பெயரால் இவ்விளையாட்டு பழந்தமிழகத்திலும் நிகழ்ந்தது. கலித்தொகையின் முல்லைக்கலி அதனை விரித்துரைக்கின்றது. அதனைப் பாடிய புலவர், தொழுவில் திரண்ட ஏறுகளைப் பொதுவாகக் கூறிச் சென்றாரல்லர். ஏறுகளின் நிறத்தையும் உடலில் அமைந்த புள்ளிகளையும் குறித்து, அவற்றின்மேல் பாய்ந்தவர்க்கு நேர்ந்ததையும் உடன் கூறினார். புழுதி எழுந்து கலங்கிய களத்திலும் அவர் கண் ஒன்றைத் தெரிந்து, அதனையே தொடர்ந்தது. புலவர் கண் செய்த அச்செயலையே இன்றைய புகைப்படக் கருவியும் செய்ய முயல்கின்றது. இயங்கும் பொருளை விடாது பின்பற்றித் தெளிவாகக் காட்டும் அவ்வாற்றலைத் தொடர் குவியம் எனலாம்.

குவியம் என்பது யாது? பொருளிலிருந்து வரும் ஒளி, கருவியின் முன்னுள்ள வில்லையின் வழியே சென்று உள்ளே ஓரிடத்தில் குவிகின்றது. அவ்விடமும் படம் பதியும் தளமும் ஒன்றாயின் உருவம் தெளிவாகும், வேறாயின் மங்கும். பொருளின் தொலைவு மாறுந்தோறும் வில்லையின் நிலையும் மாறுதல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் படம் எடுப்போர்க்கு இதனால் இடர் இல்லை, விமானம் ஓடுவதில்லை. ஓடிவரும் காளையோ கணந்தோறும் தன் தொலைவை மாற்றிக்கொள்கின்றது.

இவ்விடரை ஒரு கணக்கால் உணரலாம். விளையாட்டுகளைப் படம் எடுப்போர் 400 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய பெரிய வில்லையைக் கையாள்வதுண்டு. அதன் துளையை நன்கு திறந்து வைத்து, 20 மீட்டர் தொலைவிலுள்ள பொருளைப் பார்த்தால், தெளிவாகத் தோன்றும் பரப்பின் ஆழம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரே ஆகும். காளை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி வருவதாகக் கொள்க. குவியம் பார்த்ததற்கும் படம் பதிவதற்கும் இடையே ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கே கழிந்தாலும், அதற்குள் காளை 50 சென்டிமீட்டர் முன்னேறிவிடும். காளையின் நெற்றியில் வைத்த தெளிவு, அது கடந்து வந்த வெற்றிடத்திலேயே நின்றுவிடும்.

முற்காலக் கலைஞர் வில்லையைச் சூழ்ந்த வளையத்தைக் கையால் திருகிக் குவியம் கண்டனர். பின்னர் அவ்வேலையைக் கருவியே மேற்கொண்டது. 1977 இல் வெளிவந்த கோனிகா சி35 ஏஎஃப் என்னும் சிறு கருவி, தானே குவியம் காணும் ஆற்றலைப் பொதுமக்களின் கைக்குக் கொணர்ந்தது. 1985 இல் ஜப்பானிய நிறுவனமாகிய மினோல்டா வெளியிட்ட 7000 என்னும் கருவி, வில்லையை மாற்றிக்கொள்ளத்தக்க கருவிகளிலும் அம்முறை பரவ வழிவகுத்தது. 'ஆட்டோ போகஸ்' என்று இக்காலத்தார் வழங்குவது இதனையே.

கருவி குவியம் காண்பது எங்ஙனம்? வில்லையின் ஒரு விளிம்பு வழியாக வரும் ஒளியையும் எதிர் விளிம்பு வழியாக வரும் ஒளியையும் அது தனித்தனியே பிரித்து, அவை உண்டாக்கும் இரண்டு உருவங்களை ஒப்பிடும். உரிய இடைவெளியில் இரண்டும் அமைந்தால் குவியம் சரியாக உள்ளது என்பது பொருள். மாறினால், வில்லையை எத்திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை அம்மாற்றமே உணர்த்தும். வேறொரு முறையும் உண்டு. வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்நிலையில் தெளிவு மிகுகின்றது எனத் தேடுவது அது. அசையாப் பொருளுக்கு அம்முறை போதும்; பாயும் காளை அத்துணைப் பொறுமை காட்டாது.

பொருள் இப்பொழுது எங்கே உள்ளது என்று அறிவதோடு வேலை முடிவதில்லை; படம் பதியும் கணத்தில் அது எங்கே இருக்கும் என்பதையும் அறிதல் வேண்டும். காவிரியில் புதுவெள்ளம் வரும்பொழுது நீந்திக் கடப்பவனைக் காண்க. எதிர்க்கரைப் படித்துறைக்கு நேரே இறங்கினால் வெள்ளம் அவனைக் கிழக்கே ஈர்த்துச் சென்றுவிடும். அதனால் அவன் படித்துறைக்கு மேற்கே நெடுந்தொலைவு நடந்து சென்று இறங்குவான். நீரின் வேகத்தை முன்னரே கணக்கிட்டுக் கொள்வான். கருவியும் காளையின் தொலைவை அடுத்தடுத்து அளந்து, அதன் வேகத்தைக் கணித்து, அது வந்து சேரவிருக்கும் இடத்திற்கே குவியத்தை முன்கூட்டிக் கொண்டு செல்லும். 1980களின் இறுதியிலேயே இவ்வாற்றல் கருவிகளுக்கு வாய்த்தது.

அடுத்த இடர், பலருள் ஒருவரைப் பிரித்தறிவது. 2007 இல் வந்த நிகான் டி3 என்னும் கருவி, பொருளின் நிறத்தையும் துணையாகக் கொண்டு, 51 குவியப் புள்ளிகளுள் அது செல்லுமிடத்துப் புள்ளியைத் தேர்ந்து தொடர்ந்தது. நிறத்தால் ஏற்றை இனங்காட்டிய பழம்புலவரின் வழியும் ஒருவாறு இதுவே அன்றோ! 2017 இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ஏ9 என்னும் கருவியில், படம் பதியும் ஒளியுணரியிலேயே 693 குவியப் புள்ளிகள் அமைந்தன. அது வினாடிக்கு 60 முறை வரை குவியத்தைக் கணக்கிட்டு, 20 படங்கள் வரை எடுக்க வல்லது. 2019 இல் நாய், பூனை போன்றவற்றின் கண்ணைத் தானே கண்டு தொடரும் ஆற்றலும் அந்நிறுவனத்தின் கருவிகளுக்கு வந்தது.

இத்துணை ஆற்றல் வாய்ந்தும் களத்தில் கருவி தடுமாறுதல் உண்டு. கரிய காளையின் உடலில் ஒளிவேறுபாடு குறைவு. அதனால் ஒப்பிடுதற்குரிய கூறுகளும் குறைவு. புழுதித் திரை அதனை மேலும் மறைக்கும். ஒருவன் திமிலைப் பற்றித் தொங்கும் கணத்தில் வேறொருவன் கருவிக்கு முன்னே குறுக்கிட்டு ஓடுவான். குவியம் அவன்மேல் தாவிவிட்டால், ஓடினவன் முதுகு தெளிவாகவும், உயிரைப் பணயம் வைத்துப் பற்றினவன் பிடி மங்கலாகவும் பதியும். இதற்காகவே, குறுக்கீடு நேர்ந்தவுடன் தாவாமல் சற்றே பொறுத்திருக்குமாறு கருவியை அமைத்துக்கொள்ள வழி செய்துள்ளனர். ஆயின் மிகப் பொறுத்தாலும் கேடுண்டு. காளை திடீரெனத் திரும்பித் துள்ளும்பொழுது, கருவி பின்தங்கிவிடும். எவ்வளவு உறுதி, எவ்வளவு விரைவு என்பதைக் களமறிந்தவனே முடிவு செய்தல் வேண்டும். தேர்ந்த கலைஞன் வாடிவாசலிலேயே காளையைக் குறித்துக்கொண்டு, அது வெளிப்படும் கணம் முதல் கருவியை அதனோடு ஒட்டித் திருப்புவான். தொடர்வது கருவியின் வேலை. தொடரத்தக்கது எது எனத் தெரிவது மனிதன் வேலை.

அத்தெரிவு அழகிற்காக மட்டும் வேண்டப்படுவதன்று. காளைகள் துன்புறுத்தப்படுகின்றன என்னும் வழக்கில் 2014 இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்து அதனை மீண்டும் நடத்த வழிகண்டது. 2023 இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இன்று களத்தில், காளையின் வாலையோ கொம்பையோ பற்றுதல் கூடாது. ஒரு காளையை ஒருவரே தழுவுதல் வேண்டும். இவ்விதிகள் காக்கப்பட்டனவா, மீறப்பட்டனவா என்பதற்குத் தெளிந்த படம் சான்றாக நிற்கும். திமிலைப் பற்றிய கை எது, வாலைப் பற்றிய கை எது எனக் காட்டாத மங்கல் படத்தால் வீரனுக்கும் பயனில்லை. வாயில்லாக் காளைக்கும் பயனில்லை.

வென்ற வீரன் தன் வெற்றியைத் தானே பார்த்தறியான்; அக்கணத்தில் அவன் முகம் காளையின் திமிலில் புதைந்திருக்கும். அவன் செய்ததை அவனுக்கும் அவன் ஊருக்கும் உள்ளவாறு காட்டுவது பிறர் கடன். ஆரவாரமும் குறுக்கீடும் நிறைந்த களத்தில், காணத்தக்கதைத் தெரிந்து, கண் பிறழாது தொடர்பவனே அக்கடனை ஆற்ற வல்லவன். கருவி எத்துணை வளர்ந்தாலும், குறியைத் தெரியும் நேர்மை அதனைப் பிடித்திருப்பவனிடத்தேதான் இருத்தல் வேண்டும்.