புனித யோசவ் வாஸ் அடிகளாரின் மறைப்பணியும் சோதனைகளும்

இப்பாடத்தில் வினா வந்தால் பலர் கண்டியில் மழை பெய்த அற்புதத்தை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுகின்றனர். அதற்கு முன் ஒன்பது வருடங்கள் அடிகளார் பட்ட பாடு விடைத்தாளில் வருவதேயில்லை. புள்ளிகளும் அங்கேதான் குறைகின்றன.

முதலில் பின்னணியை நோக்குவோம். 1544இல் புனித சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் சுமார் 600 பேர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டனர். (இவன் முதலாம் சங்கிலி. 1619இல் போர்த்துக்கேயரிடம் தோற்றவன் வேறொருவன், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. 1670 அளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்துடன் வன்னிக் காட்டுக்குள் தப்பிச் சென்றன. இன்றைய மடுத் திருப்பதி அப்படித்தான் தோன்றியது. குருவுமில்லை, பூசையுமில்லை; ஏறத்தாழ 30 வருடங்கள் பெற்றோர் சொல்லிக்கொடுத்த செபங்களே மிஞ்சின.

இந்நிலையை அறிந்த யோசவ் வாஸ் (1651இல் கோவாவில் பிறந்தவர், 1676இல் குருவானவர்) 1687இல் கூலியாள் வேடத்தில், ஜோன் என்ற உதவியாளருடன் தூத்துக்குடியில் கப்பலேறினார். புயலில் அகப்பட்ட கப்பல் மன்னாரில் ஒதுங்கி, பின்னரே யாழ்ப்பாணம் சேர்ந்தது. கொந்தளிக்கும் கடலில் பசியோடு கிடப்பது எப்படியென்று மன்னார்ப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கரையேறியதும் கடும் வயிற்றுளைவு அவரைப் படுக்கையில் தள்ளியது.

சுகமானதும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறதோ அவரே கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். சில்லாலையில் தங்கி இரவில் பூசை ஒப்புக்கொடுத்தார். இங்கு ஒன்றைக் கவனியுங்கள்: கதவைத் திறந்தவர்களும் தம் உயிரைப் பணயம் வைத்தே திறந்தனர். அவரது விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அவர்களையும் ஒரு வரியிலாவது சேருங்கள்.

1690இல் புத்தளம் சென்றார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார். அங்கேயே சிங்களம் கற்றார். சிறிய கொட்டிலொன்றை ஆலயமாக்கினார். 1696இல் கடும் வரட்சி வந்தபோது அவருடைய மன்றாட்டின்பின் மழை பெய்ததாக மரபு கூறுகிறது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் போதிக்க அனுமதியளித்தான்.

என் அபிப்பிராயத்தில் மழையைவிடப் பெரியது 1697இல் நடந்தது. கண்டியில் வைசூரி பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, அடிகளாரும் அவரது மருமகனான கார்வாலோ அடிகளாரும் புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். இவர் கத்தோலிக்கர், இவர் பௌத்தர் என்று பார்க்கவில்லை. போர்த்துக்கேய குருமாருக்குப் பின்னால் கோட்டையும் பீரங்கியும் இருந்தன, இவருக்கு ஒன்றுமிருக்கவில்லை. மக்கள் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். பாப்பரசர் அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்றார்.

பயிற்சி வினா: யோசவ் வாஸ் அடிகளார் சந்தித்த சோதனைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்து, அது அவரது பணிக்கு எவ்வாறு வழிதிறந்தது என விளக்குக. (மழையைத் தவிர்த்து எழுதிப் பாருங்கள்.)