சாவா மூவா முதல்
(இல்லறத்தார்க்கான பாடம்)



ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த நிலப்பரப்பில் இன்று கார்களும் கைப்பேசிகளும் உருவாகின்றன. நிலம் விற்ற குடும்பத்தார் சிலர் கையில், தலைமுறைகள் காணாத தொகை ஒரே நாளில் வந்து சேர்ந்தது. அதில் அறத்திற்கென ஒரு பங்கு வைக்க வேண்டும் என்று எண்ணாத இல்லறத்தார் நம்மில் அரியர். எண்ணியதை நிலைபெறச் செய்தவரோ அவரினும் அரியர். தந்தை வாய்மொழியாகச் சொன்ன கட்டளை அவருக்குப்பின் மக்களிடையே பூசலாகிறது. கட்டளைக்கு விட்ட நிலம் விலைபோனதும் கட்டளையே நின்றுவிடுகிறது. எனவே, கொடுத்ததை எவ்வாறு காப்பது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

முன்னோர் செய்த ஏற்பாடு

நந்தாவிளக்கு ஒன்று எரிக்க விரும்பியவர் நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளை ஒருவர் பொறுப்பில் விட்டார். ஆடுகள் ஈன்று பெருகும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு, அளந்த நெய்யை நாள்தோறும் தருவது ஏற்றவர் கடமை. இதனையே கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன. முதல் அழியாது, பயன் மட்டுமே செலவாகும்.

நம் சமயச் சான்றுகளும் உண்டு. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், வரகுண பாண்டியன் காலத்துச் சகம் 792-ஆம் (கி.பி. 870) ஆண்டுக் கல்வெட்டு, சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் அடிகள் ஒருவரது உணவிற்கும் 505 காணம் பொன் வைத்ததைக் கூறுகிறது. எதற்கு, எவ்வளவு என்னும் இரண்டும் அதில் தெளிவாக உள்ளன.

ஒரகடத்திற்கு மேற்கே, வேகவதிக் கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றத்தில் மற்றொரு பாடம் கிடைக்கிறது. விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் 1382-இல் மகேந்திரமங்கலம் என்னும் ஊரைக் கோயிலுக்கு அளித்தார். சங்கீத மண்டபத்தை எழுப்பியது அதற்குப் பின்னரே. முதலில் வருவாய், பிறகு கட்டடம் என்னும் இவ்வரிசையை நாம் மறந்துவிட்டோம். கட்டடம் எழுப்பிக் கல்லில் பெயர் பொறித்தபின், எண்ணெய்க்கும் பூசைக்கும் ஆண்டுதோறும் நன்கொடைச் சீட்டுடன் அலைகிறோம்.

எவ்வளவு? எதற்கு?

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதமே இதற்கு அளவுகோல். வீடு, மக்கட்கல்வி, முதுமை, மருத்துவம் ஆகியவற்றிற்கு வேண்டியதை முன்னதாகவே வரையறுத்துக்கொள்க. அவ்வரம்பிற்கு மேற்பட்டது தானத்திற்கு உரியது. கடன் வாங்கியோ, மனைவி மக்களின் உரிமையைக் குறைத்தோ செய்வது தானமாகாது.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்திற்கும் இவ்வட்டாரத்தில் இடமுண்டு. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் வாழ்கின்றனர். 2021 டிசம்பரில் அத்தகைய விடுதி ஒன்றின் உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றதும், தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டதும் நாம் அறிந்தவையே. தூய உணவும் அச்சமற்ற உறைவிடமும் இன்றைய ஆகார, அபய தானங்கள் அல்லவா?

யாரிடம் ஒப்படைப்பது?

தனிக்குடும்ப அறக்கட்டளை மூன்றாம் தலைமுறையில் கவனிப்பாரற்றுப் போகலாம். இதற்கு மாற்றாக அமைந்ததே வட்டாரப் பொதுநிதி அறக்கட்டளை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் காஃப் என்னும் வங்கியாளர் 1914-இல் இதனைத் தொடங்கினார். நம் நாட்டில் பம்பாய் கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட் 1991-இல் தோன்றியது. பலர் தரும் தொகைகள் ஒரே நிதியில் சேரும். அவரவர் குறித்த நோக்கங்களுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. ஊரறிந்தோர் குழு, தேவை அறிந்து வழங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு குடும்பம் 10 இலட்சம் ரூபாயை அழியா முதலாக வைக்கிறது. வட்டி 6 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டு வருவாய் 60,000. அறக்கட்டளை தன் வருவாயில் 15 விழுக்காடு வரை ஒதுக்கி வைக்க வரிச்சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு 9,000 ரூபாயை முதலுடன் சேர்த்தால், மீதி 51,000 மூன்று மாணவர்க்குத் தலா 17,000 ஆகும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இத்தகைய பணிகளுக்குத் துணையாகலாம். 2014 ஏப்ரல் முதல், வரையறைக்குட்பட்ட பெரிய நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆயினும், அதனையே நம்பியிருத்தல் தகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோயிற்று.

குழுவைத் தேர்வது எப்படி என்பதற்கு வெளிநாடு செல்ல வேண்டா. அருகிலுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தகனது 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளே போதும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது. பதவி வகித்தவர் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். உங்கள் பணத்தை ஏற்கும் குழுவில் இவ்விரு விதிகளும் உண்டா எனக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பத்திரமும் வரியும்

அழியா முதலாகக் கொடுப்பதை எழுத்தில் குறிப்பிடுக. நோக்கம் காலத்தால் பயனற்றுப்போயின் மாற்று என்ன என்பதையும் எழுதுக. உயில்வழிக் கொடுப்பின், இரு சாட்சிகள் கையொப்பமிடுதல் கட்டாயம். பதிவு கட்டாயமன்று, எனினும் நன்று. அறக்கட்டளைப் பணத்தைத் தனியாரிடம் வட்டிக்கு விடலாகாது. வங்கி, அஞ்சலகம், அரசுப் பத்திரம் போன்ற சட்டம் ஏற்கும் வழிகளிலேயே வைக்க வேண்டும்.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கும் இல்லை. ஒரு சமயத்தார்க்கோ சாதியார்க்கோ மட்டும் எனப் பத்திரம் எழுதிய அறக்கட்டளைக்குத் தரும் கொடைக்கும் அது பொதுவாகக் கிட்டாது. எனவே, கோயிலுக்கென ஒன்றும், அனைவர்க்குமான கருணா தானத்திற்கென ஒன்றும் வெவ்வேறாக அமைத்தலே தெளிவு.

சிந்தனைக்கு

1. உங்கள் குடும்பத்தில் வாய்மொழியாக மட்டும் நிற்கும் கட்டளை எது?
2. அதன் முதல் எங்கே உள்ளது? கணக்கு யாரிடம் உள்ளது?
3. நீங்கள் இல்லாத நாளில் அதனைத் தொடரப்போகிறவர் யார்? அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

மூன்றாம் வினாவிற்கு விடை இல்லையெனில், இவ்வார இறுதியில் மக்களை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். அறம் நிலைபெறுக!