தொடை இடுக்கு வலி எல்லாம் சுளுக்கா?

கூடலூர், கோத்தகிரி பக்கம் சரிவில் ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவருக்குத் தொடை இடுக்கு வலித்தால், "சதை பிடிச்சிருக்கும், எண்ணெய் போட்டு நீவுங்க" என்பார்கள். பெரும்பாலும் சதையாகவே இருக்கும். அப்படி இல்லாத சிலரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நம்பிக்கை: மேடு ஏறும்போது வலிக்கிறது, அதனால் தசைதான்.

உண்மை: காலைத் தூக்கி மேல்படியில் வைக்கும் முக்கியத் தசை இலியோசோயாஸ். அதில் சோயாஸ் கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் தொடங்குகிறது; இலியாக்கஸ் இடுப்பெலும்பின் உட்குழிவில் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து இடுப்பு மூட்டின் முன்பக்கமாக இறங்கித் தொடை எலும்பைப் பற்றுகின்றன. ஆகவே மூட்டு கெட்டாலும் வலி பெரும்பாலும் அதே இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். தசை வலி ஓய்வெடுத்தால் நாளுக்கு நாள் குறையும். இரவில் படுத்தும் விடாத வலி, நொண்டல், காலை உள்பக்கம் திருப்ப முடியாமை ஆகியவை மூட்டைச் சந்தேகிக்கச் சொல்லும் அடையாளங்கள்.

நம்பிக்கை: இருபது வயதில் இடுப்பு எலும்பு எப்படிக் கெடும்?

உண்மை: கெடும், நீலகிரியில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. இங்குள்ள பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் மரபு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். சிக்கிள் செல் நோயில் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்தம் நின்றால் அந்த எலும்பு செத்து, பிறகு அமுங்கிவிடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணு வந்தவர்களுக்கே பெரும்பாலும் இந்தத் தொல்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள். நொண்டி நடக்கும் பணியர் பழங்குடி இளைஞனை வேலைக்கு வரச் சோம்பல்படுகிறான் என்று ஒதுக்குவது கொடுமை. இதே எலும்புச் சாவு, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும், எந்தச் சமூகத்தவரானாலும், வரலாம்.

எக்ஸ்ரே நன்றாக இருந்தால் பயமில்லை என்பதும் தவறு. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எல்லாம் நன்றாகவே தெரியும், எம்.ஆர்.ஐ.யில்தான் சேதம் தெரியும். அமுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழிகள் உண்டு. அமுங்கிய பிறகு பலருக்கு மூட்டு மாற்று அறுவை தேவைப்படும்.

நம்பிக்கை: இடுக்கில் வீங்கினால் நெறி கட்டியிருக்கிறது, பற்றுப் போட்டால் வற்றிவிடும்.

உண்மை: முதுகெலும்பில் காசநோய் வந்தால் சீழ் சோயாஸின் உறை வழியே இறங்கி இடுக்கில் கட்டியாகத் தோன்றலாம். தொட்டால் சூடு இருக்காது. காலை நீட்டினால் வலிக்கும். குடலிறக்கம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இவை கூட இருந்தால் நீவவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் காசநோய் மருந்து இலவசம். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும்.

சிக்கிள் செல் இருக்கிறதா என்று அறிய இரத்தப் பரிசோதனை போதும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியின் நாவா அமைப்பும் இந்த நோயாளிகளோடு நெடுநாள் பழகியவை. வேறெங்கு போனாலும், "எனக்கு சிக்கிள் இருக்கு, இடுக்கு வலிக்குது, எம்.ஆர்.ஐ. பார்க்கணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.