தைச் சம்பளம் போடும் முன்: சிறு முதலாளிகள் இப்போது முடிக்க வேண்டியவை

பருவகால ஆலோசனை: ஜனவரி – மார்ச் 2026
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணிப் பாதுகாப்பு ஆகிய இந்த நான்குக்குள் 29 பழைய மத்தியச் சட்டங்கள் அடங்கிவிட்டன. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினைந்து பேரோடு லேத் ஓட்டுபவர், ஆவடியில் தையல் யூனிட் நடத்துபவர், பூந்தமல்லியில் குடோன் வைத்திருப்பவர் என எல்லோருடைய சம்பளப் பதிவேட்டையும் இது தொடுகிறது.

"ரூல்ஸ் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு எஸ்டேட் முழுக்கக் கேட்கிறது. மத்திய அரசின் வரைவு விதிகள் டிசம்பர் 30-இல்தான் வெளியாயின. தமிழ்நாட்டின் இறுதி விதிகளும் இன்னும் வரவில்லை. இடைக்காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. ஆனால் சட்டத்திலேயே நேரடியாக எழுதப்பட்ட கடமைகள் விதிக்காகக் காத்திருப்பதில்லை. அவற்றில் ஒன்றுக்குக் கெடு பிப்ரவரியில் முடிகிறது. எனவே எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று பிரித்துக்கொள்வதே இந்தப் பருவத்தின் முதல் வேலை.

பொங்கலுக்கு முன்

டிசம்பர் மாதச் சம்பளம் ஜனவரி 7-க்குள் கைக்குப் போயிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக் கட்டவும் அதே தேதிதான்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கடைசி நாள் ஒவ்வொரு மாதமும் 15. இந்த ஜனவரி 15 பொங்கல் நாள்; மறுநாள் திருவள்ளுவர் தினம், அதற்கடுத்த நாள் உழவர் திருநாள். கணக்கு எழுதுபவர் ஊருக்குப் போய்விடுவார். செலானை 12 அல்லது 13-ஆம் தேதியே போட்டுப் பணத்தைக் கட்டி முடித்துவிடுங்கள். பி.எஃப். தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு மாதத்துக்கு 1 சதவீத அபராதமும் சேரும்.

பொங்கலுக்கு முன்பணம் கொடுப்பவர்கள் அதைத் திரும்பப் பிடிக்கும்போது ஒரு வரம்பை மனதில் வையுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., முன்பணம் என எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு மாத ஊதியத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. கொடுத்த தொகை, பிடிக்கும் தவணை இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 31-க்குள்

தொழிலாளர் நல நிதி: தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஒருவருக்குத் தொழிலாளி பங்கு 20 ரூபாய், முதலாளி பங்கு 40 ரூபாய். சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆட்களின் பிள்ளைகள் நல வாரியத்தில் கல்வி உதவித்தொகை கேட்கும்போது நீங்கள் கட்டியிருக்கிறீர்களா என்பது முக்கியமாகும்.

வருமான வரி: அக்டோபர் – டிசம்பர் காலாண்டுக்கான சம்பள வரிப் பிடித்த அறிக்கையைத் தாக்கல் செய்யுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் குழு: பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். புகாரே வராவிட்டாலும் 2025-க்கான ஆண்டறிக்கையை மாவட்ட அலுவலருக்கு அனுப்புங்கள். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அறிக்கை சரியான மாவட்டத்துக்குப் போகட்டும். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

விடுமுறைப் பட்டியல்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்பது சம்பள விடுமுறை. பட்டியலை இன்னும் ஒட்டாதவர்கள் இந்த வாரமே ஒட்டுங்கள். ஆர்டர் அவசரத்துக்காக அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடுங்கள். இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை கொடுங்கள்.

பிப்ரவரி 20-க்குள்: பணி நியமனக் கடிதம்

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது: புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்குச் சட்டம் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். நவம்பர் 21-இலிருந்து எண்ணினால் பிப்ரவரி 20-க்குள் முடித்துவிடுவது பாதுகாப்பு.

நம் பகுதியில் இருபது வருடம் வேலை பார்த்தும் ஒரு தாள்கூடக் கையில் இல்லாத மெஷின் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வங்கிக் கடனோ வாடகை வீடோ கிடைப்பதற்கும் இந்தத் தாள் உதவும். கடிதத்தில் பெயர், வேலை, சேர்ந்த உண்மையான தேதி, ஊதியமும் அதன் பிரிவுகளும், வேலை நேரம், பி.எஃப். கணக்கு எண்ணான யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண் ஆகியவை இருக்கட்டும். சேர்ந்த தேதியைச் சுருக்கி எழுதாதீர்கள். தமிழ் தெரியாத பீகார், ஒடிசா தொழிலாளருக்கு அவர் படிக்கும் மொழியில் ஒரு பிரதி கொடுங்கள்.

சம்பளப் பிரிப்பைத் திறந்து பாருங்கள்

இந்தப் பருவத்தில் அதிக கவனம் கேட்கும் இடம் இதுதான். பி.எஃப்., பணிக்கொடை குறையட்டும் என்று பேசிக்கைச் சுருக்கி, மீதியை அலவன்ஸாகப் போடுவது வெகுநாள் வழக்கம். புதிய வரையறையில் வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், கமிஷன் போன்ற விலக்குகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

ஒரு சூப்பர்வைசரின் கணக்கு இது. மொத்தம் 36,000 ரூபாய். பேசிக்கும் பஞ்சப்படியும் 14,000, வீட்டு வாடகைப்படி 14,000, பயணப்படி 8,000. விலக்குகள் 22,000, அனுமதி 18,000 வரைதான். மிகுதி 4,000 சேர்ந்து ஊதியம் 18,000 ஆகிறது. 15,000 என்ற உச்சவரம்பில் பி.எஃப். கட்டும் நிறுவனத்தில் இரு பக்கமும் பிடித்தம் 1,680-லிருந்து 1,800 ஆகும். கைக்கு வரும் சம்பளத்தில் குறைவது மாதம் 120 ரூபாய்தான். பணிக்கொடையில்தான் வித்தியாசம் பெரிது. ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் முன்பு 8,077 ரூபாய், இப்போது 10,385. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு 23,000 ரூபாய்க்கு மேல் கூடும். அந்தப் பணத்தை இந்த மாதத்திலிருந்தே தனியாக ஒதுக்கி வையுங்கள்.

"ஸ்பெஷல் அலவன்ஸ்" என்ற தலைப்புக்கு விலக்குப் பட்டியலில் இடமில்லை. எல்லோருக்கும் மாதாமாதம் அப்படிப் போகும் தொகையை ஊதியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகைப்படி பழைய இ.எஸ்.ஐ. கணக்கில் ஊதியமாக இருந்தது. புதிய வரையறையில் விலக்காகிறது. அதனால் மொத்தம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்த சிலர் உள்ளே வரலாம். பெயர் பெயராகப் பட்டியலிட்டு, ஐயமிருந்தால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

ஜனவரியில் சம்பள உயர்வு தருபவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அக்டோபரில் தொடங்கிய இ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலம் மார்ச் 31 வரை ஓடும். நடுவில் ஊதியம் 21,000-ஐத் தாண்டினாலும் அதுவரை பிடித்தம் நிற்கக் கூடாது. நிறுத்தினால் ஜூலை முதல் அந்தக் குடும்பத்தின் மருத்துவப் பலனில் கை வைத்ததாகும்.

வேலையை விட்டுப் போகிறவர்கள்

ராஜினாமாவோ பணிநீக்கமோ, சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். "அடுத்த மாதம் செட்டில்மென்ட்" என்ற பழக்கம் இனிச் செல்லாது. கருவி, ஐ.டி. கார்டு, முன்பண பாக்கி ஆகியவற்றைச் சரிபார்க்கும் தாளை முன்கூட்டியே தயார் செய்துகொண்டால் இந்தக் கெடு சிரமமாக இருக்காது.

குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டு முடிந்தாலே, பணிபுரிந்த காலத்துக்கேற்ற பணிக்கொடை உண்டு. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டத்தையும் மறக்காதீர்கள்: 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரமாகிறார். பெயரை மாற்றி மாற்றி ஒப்பந்தம் போடுவதைக் கைவிடுங்கள்.

மாறாதவை

தொழிலாளர் நல நிதி, பண்டிகை விடுமுறை, நிரந்தரத் தகுதி, கடை ஊழியருக்கு இருக்கை வசதி, தொழில் வரி எல்லாம் மாநிலச் சட்டங்கள். மத்தியத் தொகுப்புகளால் அவை போய்விடவில்லை.

தொழில் வரியில் இரண்டாம் அரையாண்டுக்கான தொகையை மார்ச் 31-க்குள் கட்டுங்கள். எங்கே கட்டுவது என்பது உங்கள் முகவரியைப் பொறுத்தது. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் வரி 1,250 ரூபாய். அதாவது மாதம் 12,500-க்கு மேல் வாங்கும் எல்லோருக்கும். அதற்குக் கீழான படிகள் சிலவற்றை மாநகராட்சி 2024-இல் உயர்த்தியது. பழைய அட்டவணையை வைத்துப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள்.

கை கொடுக்கும் இரண்டு திட்டங்கள்

2017 ஜூலை 1 முதல் 2025 அக்டோபர் 31 வரை பி.எஃப்.பில் சேர்க்காமல் விட்ட ஆட்கள் இப்போதும் வேலையில் இருந்தால், 2026 ஏப்ரல் 30 வரை சேர்க்கலாம். தொழிலாளியிடம் அப்போது பிடிக்காத பங்கைக் கட்டத் தேவையில்லை. முதலாளி பங்கு, வட்டி, நிர்வாகக் கட்டணத்தோடு அபராதமாக 100 ரூபாய் போதும். பழைய கணக்கைச் சுத்தமாக்க இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் வராது.

பிரதமர் விகசித் பாரத் ரோஜ்கார் யோஜனாவில், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குக் கிடைக்கும். ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது இருவரைக் கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். உற்பத்தித் துறைக்கு இந்த உதவி நான்கு ஆண்டு. முதன்முறை வேலைக்கு வருபவருக்கு 15,000 ரூபாய் வரை தனியாக உண்டு. புதியவரின் யு.ஏ.என். எண்ணை உமங் செயலியில் முகப் பதிவு மூலம் எடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் உங்கள் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 1-க்கு இப்போதே

அன்று 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது; மதிப்பீட்டு ஆண்டு போய் "வரி ஆண்டு" வருகிறது. சம்பள மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லிவிடுங்கள். குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படியும் ஏப்ரல் 1-இல்தான் மாறும். உங்கள் தொழிலுக்கான அறிவிப்பு வந்ததும், அந்த மாதச் சம்பளத்திலேயே ஏற்றுங்கள்.

கன்சல்டன்டிடம் விட்டாலும்

செலான் போடுபவர் கன்சல்டன்டாக இருக்கலாம்; சட்டத்தின் முன் முதலாளி நீங்கள்தான். ஊதியத்தைக் குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மீண்டும் நடந்தால் மூன்று மாதம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. தொழிலாளி மூன்று ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஆகவே மாதம் ஒருமுறை கன்சல்டன்டை உட்காரவைத்து மூன்றைக் கேளுங்கள்: போன மாதச் செலான் ரசீது எங்கே? புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர் கணக்கு ஏறியதா? என்ன அறிவிப்பு வந்தது? பதிலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இந்தச் சட்டங்கள் கேட்பதில் பெரும்பகுதி, உழைத்தவருக்கு உரிய நாளில் உரிய தொகை போய்ச் சேர வேண்டும் என்பதே. பொங்கல் விடுமுறைக்குக் கதவைப் பூட்டும் முன் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தைக் கட்டுங்கள், திறந்ததும் நியமனக் கடிதங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள்.