நெகிழிப்பையும் சற்காரியமும்

திருப்பெண்ணாகடம் மெய்கண்டதேவர் அவதரித்தருளிய தலமாதல் அன்பர் அறிவர். உள்ள பொருள் அறவே இல்லாதொழியாது, தன் காரணத்தில் ஒடுங்கும் என்பது நம் சற்காரியக் கொள்கை. இதனை நாவாற் சாதிக்கும் யாம், அத்தலத்துத் தூங்கானைமாடம் தொழப் புகுங்கால் அருச்சனைப்பூவை நெகிழிப்பையிற் கொணர்ந்து, பையை மதிற்புறத்து எறிந்து, 'ஒழிந்தது' என்கின்றோம். யாண்டு ஒழிந்தது? பூவும் தொன்னையும் சின்னாளில் மண்ணாம். நெகிழியோ துகளாய்ச் சிதைந்து மண்ணிலும் நீரிலும் தங்கும்; மேயும் ஆவின் வயிற்றினும் கிடக்கும். அதுவும் மாயையில் ஒடுங்குமே எனின், ஒடுங்கும். சங்காரகாலம்வரை ஆ பொறுக்குமோ? ஒருமுறை வழங்கி எறியும் நெகிழிப்பொருள் பலவற்றைத் தமிழக அரசு 1-1-2019 முதல் விலக்கிற்று. தனு கரண புவன போகங்கள் இறைவன் உயிர்கட்கு உதவியன என்று ஓதுவார்க்கு ஆணையும் வேண்டுமோ? பூக்குடலை கிட்டாதெனின் வாழையிலைப் பொதி அமையும்.