பெயர் நமக்கு, எண் சர்வருக்கு!



லேபில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைக்கப் போகிறார்கள் என்றால் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என் பழைய லாகின் வேலை செய்யுமா சார்?" என்பதுதான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "என் ஃபைல்கள் என்னுடையவைதான் என்று புதிய சர்வருக்குத் தெரியுமா?" ஆறாம் செமஸ்டர் புராஜெக்ட் முழுக்க ஹோம் டைரக்டரியில்தானே கிடக்கிறது!

லினக்ஸ் சர்வர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு யூசர் அக்கவுண்ட்டுகளை மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது, எங்கே சறுக்கும் என்பதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

சர்வர் நம்மை எப்படி அடையாளம் காண்கிறது?

ஈடிசி டைரக்டரியில் பாஸ்வேர்டு ஃபைல் என்று ஒன்று உண்டு. அதில் யூசர் ஒருவருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 7 பகுதிகள்: லாகின் பெயர், பாஸ்வேர்டுக்கான இடம், யூசர் எண், குரூப் எண், விவரம், ஹோம் டைரக்டரி, ஷெல்.

டிஸ்க்கில் ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது அதன் ஐநோடில் உரிமையாளரின் பெயர் பதிவாவதில்லை. யூசர் எண் மட்டுமே பதிவாகிறது. நாம் ஃபைல்களைப் பட்டியலிடும்போது தெரியும் பெயர், அந்த எண்ணை பாஸ்வேர்டு ஃபைலில் தேடிப் பார்த்துக் காட்டப்படுவதுதான். தேர்வில் விடைத்தாளில் பெயர் எழுதாமல் பதிவு எண் மட்டும் எழுதுகிறோமே, அதே மாதிரி. பட்டியல் மாறினால் மார்க்கும் ஆள் மாறிப் போகும்.

எங்கே சறுக்கும்?

ஓர் உதாரணம். பழைய சர்வரில் சேர்ந்த வரிசைப்படி செல்வி 1001, அமுதா 1002, கதிர் 1003. புதிய சர்வரில் அட்டென்டன்ஸ் லிஸ்டைப் பார்த்து அகர வரிசையில் அக்கவுண்ட் போடுகிறார்கள். இப்போது அமுதா 1001, கதிர் 1002, செல்வி 1003. பிறகு பழைய டிஸ்க்கை அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? செல்வியின் புராஜெக்ட் அமுதாவுக்குச் சொந்தம், அமுதாவுடையது கதிருக்கு, கதிருடையது செல்விக்கு! அமுதா நினைத்தால் செல்வியின் ஃபைலைப் படிக்கலாம், அழிக்கலாம். செல்வியோ தன் ஃபைலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இதற்கு எந்த எரர் மெசேஜும் வராது. அதுதான் ஆபத்து.

இன்னொரு சிக்கல் வெர்ஷன் மாறுவதால் வருவது. ரெட் ஹேட் 6 வரை, அதன் வழிவந்த சென்ட்ஓஎஸ் 6 உட்பட, சாதாரண யூசர் எண் 500-இல் தொடங்கியது. 2014-இல் வந்த ரெட் ஹேட் 7 முதல் அது 1000. அதற்குக் கீழே உள்ளவை சிஸ்டம் சர்வீஸ்களுக்கு உரியவை. அவை 999-இலிருந்து கீழ்நோக்கி எண் வாங்கிக்கொண்டே வரும். சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பரிலும், சென்ட்ஓஎஸ் 7-க்கானது 2024 ஜூனிலும் முடிந்துவிட்டன. எனவே பழைய சர்வரை மாற்றுபவர்கள் இந்த எண் மோதலைச் சந்தித்தே ஆக வேண்டும்.

எண்ணை மாற்றுவது எப்படி?

பழைய எண்கள் புதிய சர்வரில் காலியாக இருந்தால் அதே எண்ணைக் கொடுப்பதுதான் நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக நகர்த்தக் கூடாது. 1001-இன் ஃபைல்களை 1002-க்கு மாற்றி, பிறகு 1002-ஐ 1003-க்கு மாற்றினால் இரண்டு பேருடையதும் 1003-இல் கலந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. சி லேபில் இரண்டு வேரியபிள்களின் மதிப்பை இடம் மாற்ற மூன்றாவதாக ஒரு டெம்ப் வைத்தோமே, அதே பாடம்தான் இங்கேயும். யாருமே இல்லாத தூரத்துக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் 10000 கூட்டிவிட்டால் 501 என்பது 10501 ஆகும். மோதல் இல்லை, கணக்கும் சுலபம். குரூப் எண்ணுக்கும் இதே விதி.

யூசர்மாட் கட்டளையால் எண்ணை மாற்றினால், அது ஹோம் டைரக்டரிக்குள் இருப்பவற்றைச் சரிசெய்யும். வெளியே உள்ளவற்றை ஃபைண்ட் கட்டளையால் பழைய எண் கொடுத்துத் தேடி, நாமேதான் மாற்ற வேண்டும்.

பாஸ்வேர்டு என்ன ஆகும்?

பாஸ்வேர்டு ஃபைலை யாரும் படிக்கலாம் என்பதால் உண்மையான விஷயம் அதில் இல்லை. ரூட் மட்டும் படிக்கக்கூடிய ஷேடோ ஃபைலில் ஹேஷ் வடிவில் இருக்கிறது. ஹேஷிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. எடுக்கவும் வேண்டாம். அந்த வரியை அப்படியே கொண்டுபோனால் போதும், பழைய பாஸ்வேர்டு வேலை செய்யும்.

ஆனால் முழு ஃபைலையும் தூக்கிப் புதியதன் மேல் போட்டுவிடாதீர்கள்! புதிய சர்வரின் சர்வீஸ் அக்கவுண்ட்டுகள் அழிந்து போகும். மாணவர் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப், ஜிஷேடோ ஆகிய நான்கு ஃபைல்களிலும் சேர்க்க வேண்டும்.

வேலையின் வரிசை

1. புதிய சர்வரில் முதலில் அக்கவுண்ட்டுகள், பிறகு ஃபைல்கள்.

2. ஆர்சிங்க் கட்டளையால் ஹோம் டைரக்டரிகளை ரூட் அதிகாரத்தில் நகல் எடுக்கவும். ஆர்சிங்க் வழக்கமாகப் பெயரைப் பார்த்துத்தான் பொருத்தும்; எண்ணையே கொண்டுபோக வேண்டும் என்றால் "நியூமெரிக் ஐடிஸ்" என்ற ஆப்ஷன் தேவை. டார் கட்டளைக்கு "நியூமெரிக் ஓனர்".

3. முதல் நகல் ஓடும்போது மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கலாம். பிறகு ஈடிசியில் "நோலாகின்" என்ற பெயரில் ஒரு ஃபைல் வைத்தால் ரூட் தவிர வேறு யாரும் புதிதாக உள்ளே வர முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, மாறியவற்றை மட்டும் இரண்டாம் முறை நகல் எடுக்கவும். இடையில் அழித்த ஃபைல்கள் உயிர்பெறாமல் இருக்க "டிலீட்" ஆப்ஷனும் வேண்டும்.

4. 10000 கூட்டுவதாக இருந்தால், இந்தக் கடைசி நகலுக்குப் பிறகுதான் ஃபைல்களின் எண்ணை மாற்ற வேண்டும்.

5. ஹோமுக்கு வெளியே இருக்கும் மெயில், கிரான் வேலைகள், கோட்டா வரம்பு ஆகியவற்றை மறக்க வேண்டாம்.

6. மூன்று நான்கு மாணவர்களை லாகின் செய்யச் சொல்லி, தன் ஃபைலில் எழுத முடிகிறதா, அடுத்தவர் ஃபைலில் எழுத முடியாமல் இருக்கிறதா என இரண்டையும் சோதியுங்கள். பலரும் முதல் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள்.

பாஸ் அவுட் ஆன சீனியர்கள்

அக்கவுண்ட்டை மட்டும் அழித்துவிட்டு ஃபைல்களை விட்டுவைத்தால் அவை அனாதையாக நிற்கும். பட்டியலில் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரியும். புதிய அக்கவுண்ட்டுக்கு யூசர்ஆட் பொதுவாக, இருப்பதில் பெரிய எண்ணுக்கு அடுத்ததைத் தரும். கடைசி எண்காரரை நீக்கியிருந்தால், அதே எண் அடுத்து வரும் ஃபர்ஸ்ட் இயர் மாணவருக்குப் போகும், சீனியரின் ஃபைல்களோடு சேர்த்து! ஆகவே சர்வரை மாற்றும் முன் உரிமையாளர் இல்லாத ஃபைல்களைத் தேடிப் பட்டியல் எடுத்துவிடுவது நல்லது.

நண்பர்களே, நாளை நாம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் சிஸ்டம் அட்மின் ஆகலாம். நம் கையில் இருப்பது வெறும் டிஸ்க் அல்ல. பலர் மாதக்கணக்கில் உழைத்த உழைப்பு. எல்லாம் சரி என்று உறுதியாகும் வரை பழைய டிஸ்க்கை அழிக்காமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். வைவாவில் "சர்வர் யூசரை எதை வைத்து அடையாளம் காண்கிறது?" என்று கேட்டால், தயங்காமல் "எண்ணை வைத்து" என்று சொல்லுங்கள்.